எல்லையோரத்தில் முதல் வீடு: முன்னாள் படைவீரர் வீட்டுக்கடன் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிப்பாயாகச் சேர்ந்து, பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் பணியாற்றி, நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பும் படைவீரரிடம் மூன்று பலங்கள் இருக்கின்றன: மாதந்தோறும் வரும் ஓய்வூதியம், பணிக்கொடையும், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே பெறும் கம்யூட்டேஷன் தொகையுமாகக் கிடைத்த ஒரு மொத்தப் பணம், இன்னும் இருபது ஆண்டுகளாவது வேறு வேலை பார்க்கக்கூடிய வயது. இந்த மூன்றையும் எந்த நிறுவனம் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறதோ அதுவே அவருக்கு ஏற்ற கடன் நிறுவனம். ஆனால் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் வாழும் தமிழருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வாங்கப்போகும் வீடு கேரள-தமிழ்நாடு எல்லையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே அது. வட்டி விகிதத்தை ஒப்பிடும் முன் இந்த இரண்டையும் தீர்த்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கால் சதவீத வட்டிக்காக நான்கு வங்கிகளில் ஏறி இறங்கியவர்கள், கடைசியில் நிலத்தின் வகை சரியில்லை என்ற ஒரே காரணத்தால் கடன் மறுக்கப்பட்டுத் திரும்புவது இந்தப் பகுதியில் அரிதல்ல.

நிலம் எந்தப் பக்கம்?

வீடு கேரளப் பகுதியில் இருந்தால், முதலில் விற்பவரிடம் வில்லேஜ் ஆபீசில் கரம் (நிலவரி) கட்டிய ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உரிமையாளர் பெயர், தண்டப்பேர் எண் (வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளரின் கணக்கு எண்), சர்வே எண், பரப்பளவு ஆகியவற்றோடு நிலத்தின் வகையும் இருக்கும். அங்கே ‘புரயிடம்’ (வீட்டுமனை அல்லது தோட்ட நிலம்) என்று இருந்தால் கவலையில்லை. ‘நிலம்’ என்று இருந்தால் அது வருவாய்க் கணக்கில் நெல்வயல் என்று பொருள். இப்போது அங்கே தென்னை நிற்கிறதா, வீடே நிற்கிறதா என்பதை வைத்து வங்கி முடிவெடுக்காது. 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல் மற்றும் சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு ஊருக்கும் டேட்டா பேங்க் என்ற நெல்வயல், சதுப்புநிலப் பட்டியல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நிலத்தை நீக்கக் கோருவதற்குப் படிவம் 5, பட்டியலில் இல்லாமல் வருவாய்க் கணக்கில் மட்டும் வயலாக இருக்கும் சிறு நிலத்தின் தன்மையை மாற்றுவதற்குப் படிவம் 6 என வருவாய்க் கோட்ட அதிகாரிக்கோ அந்த அதிகாரம் பெற்ற துணை ஆட்சியருக்கோ விண்ணப்பிக்க வேண்டும். அந்த உத்தரவு விற்பவர் கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. “பிறகு மாற்றிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று தரகர் சொன்னால், மாற்றி முடித்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சித்தூர் வட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. அதைச் சுற்றியுள்ள பாலக்காட்டுப் பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. எனவே, அடுத்தடுத்த ஊர்களாக இருந்தாலும், பழைய முன்னாதாரங்களை (முந்தைய உரிமைப் பத்திரங்களை) தேடிப் போகும்போது அவற்றின் பின்னணி வேறுபடலாம். இதைப் புரிந்துகொண்டு கருத்துரை எழுதக்கூடிய வழக்கறிஞர் யார் வங்கியின் பட்டியலில் இருக்கிறார் என்பதுதான் உண்மையில் நீங்கள் கிளை மேலாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்தப் பக்கத்து நிலங்களுக்கு அடிக்கடி கடன் கொடுத்துப் பழகிய கிளையில் இரண்டு வாரத்தில் முடியும் சட்டக் கருத்துரை, பழகாத கிளையில் மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் விற்பவர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்.

வீடு தமிழ்நாட்டுப் பக்கத்தில், பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ இருந்தால், கேரளத்துக் கிளைகள் பல நேரங்களில் கோப்பைப் பொள்ளாச்சிக் கிளைக்கே அனுப்பிவிடும். அப்படியானால் நேராக அங்கேயே தொடங்குவது மேல். அங்கே பார்க்க வேண்டியவை பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி ஆகியவை. அங்கீகாரம் பெறாத மனை என்றால், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான பிரிவுகளுக்குத்தான் வரன்முறைப்படுத்தும் வாய்ப்பு தரப்பட்டது. அந்த வரன்முறை உத்தரவு இல்லாத மனைக்குப் பொறுப்புள்ள நிறுவனம் கடன் தராது. தருகிறேன் என்று சொல்லும் நிறுவனம் எந்த வட்டியில் தருகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் புரிந்துவிடும்.

ஓய்வூதியத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பாதுகாப்புப் படையினர் தங்கள் ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம்; அப்படிக் குறைந்த பகுதி 15 ஆண்டுகள் கழித்து மீண்டும் சேர்க்கப்படும். அகவிலை நிவாரணம் மட்டும் குறைக்கப்படாத முழு ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்படும். ஒரு ஹவில்தாரின் ஓய்வூதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாதியைக் கம்யூட் செய்தவருக்கு அடிப்படையாக 10,000 ரூபாயும் 20,000 ரூபாய்க்கான அகவிலை நிவாரணமும் வரும். சில நிறுவனங்கள் கணக்கில் வந்து விழும் தொகையை மட்டும் வருமானமாக எடுத்துக்கொள்ளும்; வேறு சில, ஓய்வுக்குப் பிறகு டிஎஸ்சி எனும் பாதுகாப்புக் காவல் படையிலோ வங்கிக் காவலராகவோ பெறும் சம்பளத்தையும் மனைவியின் வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளும். கடன் எந்த வயதுக்குள் முடிய வேண்டும் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: பலரும் 70 வயதோடு நிறுத்துவார்கள், சிலர் 75 வரை அனுமதிப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆனால் வங்கி எவ்வளவு தருகிறது என்பதை விட, குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்பதே முக்கியம். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம்; சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். அதாவது, தொடக்க ஆண்டுகளில் கூடுதல் விகிதம் கிடைத்தாலும், அது முடிந்த பிறகு மனைவிக்கு வருவது கணவர் பெற்ற முழு ஓய்வூதியத்தில் ஐந்தில் மூன்று பங்குதான். மாதத் தவணையை அந்தத் தொகையிலிருந்தும் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கடன் தொகையை முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் கடன் பாதுகாப்புக் காப்பீடு எடுப்பது அறிவுடைமை. ஆனால் தங்கள் துணை நிறுவனத்தின் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று கடன் நிறுவனம் வற்புறுத்த முடியாது. வேறு நிறுவனத்தில் சாதாரண டெர்ம் பாலிசி எடுத்தால் பெரும்பாலும் செலவு குறையும், கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் அது உங்களோடே வரும்.

ஓய்வூதியக் கணக்கு உள்ள வங்கியில்தான் கடன் வாங்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் பலமாக இருக்கிறது. ஸ்பர்ஷ் என்ற இணையவழி ஓய்வூதிய முறை வந்த பிறகு ஓய்வூதியத்தை வழங்குவது பாதுகாப்புக் கணக்குத் துறை. வங்கி அதைப் பெற்று வைக்கும் இடம் மட்டுமே. எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், அதிலிருந்து வேறு நிறுவனத்துக்குத் தவணை தானாகச் செல்ல ஏற்பாடு செய்யலாம். ஓய்வூதியக் கணக்கு உள்ள வங்கியில் கட்டணச் சலுகை கிடைத்தால் அதைப் பேரம் பேசப் பயன்படுத்துங்கள். அந்த ஒரு காரணத்துக்காக மற்ற இடங்களில் விசாரிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்று தவறினால் ஓய்வூதியம் நின்று, தவணையும் திரும்பிவிடும் என்பதால் அந்தத் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி, கட்டணம், காகிதம்

இப்போதுதான் வட்டிக்கு வருகிறோம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்தோடு இணைக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்தப்பட வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தில் கடன் தருகின்றன. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை 5.5 சதவீதமாக இறங்கியது. ஏறும்போது வங்கிக் கடனின் வட்டி விரைவாக ஏறியது உண்மை, ஆனால் இறங்கும்போதும் விரைவாக இறங்கியது. சொந்த விகிதம் வைத்திருக்கும் நிறுவனங்கள் இறக்கத்தைக் கடன்தாரருக்கு எவ்வளவு, எப்போது தருவது என்பதைத் தாங்களே முடிவு செய்கின்றன. நீண்ட காலக் கடனுக்கு வங்கியின் ரெப்போ இணைப்பே மேல் என்று நான் கருதுகிறேன்.

வித்தியாசம் எவ்வளவு வரும் என்று பார்க்கலாம். 20 லட்ச ரூபாயை 15 ஆண்டுகளுக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் தவணை சுமார் 19,695 ரூபாய். 9 சதவீதம் என்றால் சுமார் 20,285 ரூபாய். மாதம் 590 ரூபாய் வீதம் மொத்தத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் கூடும். அதே 8.5 சதவீதக் கடனை 20 ஆண்டாக நீட்டினால் தவணை 17,356 ரூபாயாகக் குறையும், ஆனால் மொத்த வட்டி சுமார் 15.45 லட்சத்திலிருந்து 21.65 லட்சமாக உயரும். அரை சதவீதத்துக்காகப் பேரம் பேசுவதை விடக் கால அளவைக் கட்டுக்குள் வைப்பது பெரிய சேமிப்பு. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க வங்கியோ வீட்டுவசதி நிதி நிறுவனமோ அபராதம் வசூலிக்கக் கூடாது என்பதால், கம்யூட்டேஷன் பகுதி திரும்ப வரத் தொடங்கும் ஆண்டிலிருந்து கூடுதலாகக் கட்டிக் கடனைச் சுருக்கலாம்.

கையிருப்புப் பணம் முழுவதையும் விலையில் போட்டுவிடக் கூடாது. 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கலாம், ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக அந்த மதிப்பில் சேராது. கேரளத்தில் அது 8 சதவீதமும் 2 சதவீதமும். தமிழ்நாட்டில் 7 சதவீதமும் 2 சதவீதமும். கேரளப் பக்கம் 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 27 லட்சம் கடன் கிடைத்தாலும், விலையில் 3 லட்சம், பதிவுக்கு 3 லட்சம் என 6 லட்சம் கையில் வேண்டும்.

2024 அக்டோபர் 1 முதல், கடன் ஒப்பந்தத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தருவது கட்டாயம். வட்டி மட்டுமன்றி எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அந்த அறிக்கை கடன்தாரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மலையாளத்தில் நீட்டப்பட்டால், தமிழில் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். குறைந்தது மூன்று வேலை நாள் அந்த விவரங்கள் செல்லுபடியாகும் என்பதால், வீட்டுக்கு எடுத்துவந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து, மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்து அந்த ஒரு விகிதத்தை ஒப்பிடுங்கள்.

ஊர்க் கூட்டுறவு வங்கியை நாடுபவர்கள், தொடக்கநிலைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ரிசர்வ் வங்கியின் இந்த விதிகள் பொருந்தாது என்பதை அறிந்திருக்க வேண்டும். அவை கஹான் என்ற முறையில் கடனை நிலத்தின் மீது பதிவு செய்கின்றன. கடன் முடிந்ததும் அதை நீக்கிப் பதிவு செய்தால்தான் வில்லங்கம் தீரும்.

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் நிலையான (பக்கா) வீடு இல்லாதவர்கள், நகர்ப்புறப் பகுதியில் வீடு வாங்கினால், 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்ட வட்டி மானியத்தை அந்த நிறுவனம் செயல்படுத்துகிறதா என்று கேட்க வேண்டும். போரில் ஊனமுற்றோரும் உயிர்நீத்தோர் குடும்பத்தினரும் மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்தில் வட்டி உதவி பற்றித் தனியே விசாரிக்கலாம்.

நிறுவனம் முடிவான பின், மூலப் பத்திரங்களை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு ஆவணத்தின் பெயர், எண், தேதி, பக்க எண்ணிக்கை எழுதி அலுவலர் கையொப்பமிட்ட பட்டியலை வாங்கி, கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். கடன் முடிந்து 30 நாட்களுக்குள் அவை திரும்ப வர வேண்டும். தாமதம் நிறுவனத்தால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள விதி. எந்தக் காகிதம் உள்ளே போனது என்பதற்கு அந்தப் பட்டியல்தான் சாட்சி.