சின்ன காலேஜ் அணியோடு ஏப்ரல் வரை: என்ஐடி தொடரைப் பின்தொடர்வது எப்படி?

என்ஐடி என்றதும் நமக்குத் திருச்சி நினைவுக்கு வரும். இது வேறு: நேஷனல் இன்விடேஷன் டோர்னமென்ட். 1938-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொடங்கிய கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர். இன்று எல்லோரும் பேசும் மார்ச் மேட்னஸ், அதாவது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசிய சாம்பியன் தொடர், இதற்கு ஒரு வருடம் இளையது. அந்தப் பெரிய தொடரில் 2026-ல் 68 அணிகளுக்குத்தான் இடம். அதில் நூலிழையில் இடம் தவறிய சின்னக் கல்லூரிகளின் ஆட்டத்தை இங்கேதான் பார்க்கலாம். எனக்கு மார்ச் மாதத்தில் மிகவும் பிடித்தது இந்தத் தொடர்தான்.

படி 1: பிப்ரவரியிலேயே ஒரு அணியைப் பிடியுங்கள்

என்ஐடி தொடங்கிய பிறகு அணி தேடினால் ஒட்டாது. மிசௌரி வேலி, சதர்ன், பிக் வெஸ்ட் போன்ற சின்ன கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் லீக் ஆடும் கல்லூரிகளின் குழு) ஒன்றின் புள்ளிப்பட்டியலைத் திறந்து, முதலிடத்தில் இருக்கும் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு அணி போதும். அதன் ஐந்து தொடக்க ஆட்டக்காரர்களின் பெயரும் மனப்பாடமாகிற வரை இரண்டு மூன்று ஆட்டம் பாருங்கள்.

படி 2: கான்ஃபரன்ஸ் தொடரைத் தவறவிடாதீர்கள்

மார்ச் முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குள் ஒரு நாக்-அவுட் தொடர் நடத்தும். அதில் ஜெயிப்பவருக்கு மார்ச் மேட்னஸில் நேரடி இடம். சின்ன கான்ஃபரன்ஸ்களுக்குப் பெரும்பாலும் அந்த ஓர் இடம்தான். நான்கு மாதம் முதலிடத்தில் இருந்த அணி, ஒரு ராத்திரி சறுக்கினால் எல்லாம் போச்சு.

2024-ல் இண்டியானா ஸ்டேட்டுக்கு நடந்தது இதுதான். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான லாரி பேர்டு 1979-ல் மார்ச் மேட்னஸ் இறுதியாட்டம் வரை கொண்டுபோன அதே கல்லூரி. அதன் நடு ஆட்டக்காரர் ராபி அவிலா, 6 அடி 10 அங்குலம். கண்ணில் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தோடு நிற்பார். அவரைச் சுற்றி மற்ற நால்வரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். யாராவது கூடையை நோக்கி வெட்டி ஓடினால், பந்து அவருக்கு முன்னே போய்க் காத்திருக்கும். அப்படி ஆடி மிசௌரி வேலியில் முதலிடம் பிடித்த அணி, கான்ஃபரன்ஸ் இறுதியில் டிரேக் கல்லூரியிடம் 84-80 எனத் தோற்றது. 28 வெற்றி, 6 தோல்வி. ஆனாலும் மார்ச் மேட்னஸ் தேர்வுக் குழு அழைக்கவில்லை. அந்த முடிவு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

படி 3: செலக்‌ஷன் சண்டே

மார்ச் மேட்னஸ் அணிகளை அறிவிக்கும் ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் அதிகாலை 3.30. என்ஐடிக்கான 32 அணிகளின் பட்டியலும் அன்று இரவே வந்துவிடும். கான்ஃபரன்ஸ் லீக்கில் முதலிடம் பிடித்தும் மார்ச் மேட்னஸில் இடம் கிடைக்காதவர்களுக்கு இங்கே நேரடித் தகுதி என்ற விதி 2023 வரை இருந்தது. 2024-ல் அதை எடுத்துவிட்டு, பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். சின்னக் கல்லூரிகளுக்கு அது அநியாயம். பிறகும் விதிகள் மாறின, அதனால் அந்த வருட விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் அணி இதிலும் இல்லையா? 2008-ல் தொடங்கிய காலேஜ் பாஸ்கெட்பால் இன்விடேஷனல் அந்த வருடம் நடந்தால் அதில் தேடுங்கள். அதில் சேர கல்லூரியே கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் எல்லோரும் போவதில்லை.

படி 4: சொந்த மைதான ஆட்டங்களுக்கு அலாரம் வையுங்கள்

இந்தத் தொடரின் உயிரே இங்கேதான் இருக்கிறது. மார்ச் மேட்னஸ் ஆட்டங்கள் பொது ஊர்களில் நடக்கும். என்ஐடியின் முதல் மூன்று சுற்றுகளில், பொதுவாகத் தரவரிசையில் மேலே இருக்கும் அணியின் ஊரிலேயே ஆட்டம். 2024 என்ஐடியில், இண்டியானா ஸ்டேட்டின் ஊரான டெர்ரே ஹாட் என்ற சிறு நகரத்தின் ஹல்மன் சென்டருக்கு எஸ்எம்யூ, மினசோட்டா, சின்சினாட்டி என்று பெரிய பெயர்கள் வரிசையாக வந்து தோற்றன. ஊரே திரண்டு வந்து கூரை அதிரக் கத்தியது. சத்தத்தைக் குறைக்காமல் பாருங்கள்.

அங்கே இரவு 7 மணி ஆட்டம் நமக்கு அதிகாலை 4.30. எழுந்திருக்க முடியாத நாளில் கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் ரேடியோ வர்ணனை இருக்கிறதா பாருங்கள். உள்ளூர் வர்ணனையாளரின் குரலில் கேட்பது தனி சுகம்.

படி 5: யார் வரவில்லை என்று கவனியுங்கள்

2025 வரை சீசன் முடிவதற்குள்ளேயே ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பயிற்சியாளர்களும் கிளம்புகிறார்கள். சில பெரிய கல்லூரிகள் அழைப்பையே மறுக்கின்றன. ஆட்டத்துக்கு முன் யார் ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இண்டியானா ஸ்டேட் 2024 என்ஐடி அரையிறுதியில் யூட்டாவை 100-90 என வென்றது. இண்டியானாபொலிஸின் பழைய ஹிங்கிள் ஃபீல்டுஹவுஸில் நடந்த இறுதியில் சீட்டன் ஹாலிடம் 79-77. இரண்டே புள்ளி. பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸுக்குப் போனார், அவிலாவும் பின்னாலேயே போனார். நெஞ்சு கனத்ததென்னவோ உண்மை.

பயிற்சிக்கு முதலில் ஒரு பழைய ஆட்டம் பார்க்க விரும்பினால், 2025 இறுதியைத் தேடுங்கள். அதே ஹிங்கிளில் சாட்டனூகா, யூசி இர்வைன் என்று இரண்டுமே சின்ன கான்ஃபரன்ஸ் அணிகள். கூடுதல் நேரம் வரை போய், 85-84.