கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்: பொருட்களுக்கு வாழ்நாள் கணக்கு போடுவது எப்படி

எஃகா, அலுமினியமா என்று முடிவெடுக்கும்போது பலரும் முதலில் தேடுவது ஒரு கிலோவுக்கு என்ன விலை, எவ்வளவு கார்பன் உமிழ்வு என்பதைத்தான். கணக்கு தடம் மாறுவதும் அங்கேதான். நமக்கு வேண்டியது கிலோ இல்லை, வேலை. "இந்தச் சுமையில் இவ்வளவுக்கு மேல் வளையாமல் 20 வருடம் உழைக்கும் தகடு" என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வாழ்நாள் மதிப்பீட்டுக்கான ஐஎஸ்ஓ 14040, 14044 சர்வதேசத் தரங்கள் செயல்பாட்டு அலகு என்று சொல்வது இதைத்தான்.

எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு முறையே 70, 2.7. விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும், அதனால் நேராக இழுபடும் கம்பியில் அதே விறைப்பு வேண்டுமென்றால் அலுமினியம் போட்டும் எடை குறையாது. வளையும் தகட்டிலோ தடிமனைச் சுமார் 40 சதவீதம் கூட்டி, பாதி எடையில் முடித்துவிடலாம்.

அப்புறம் கணக்கின் எல்லை, அதாவது எதுவரை சேர்ப்பது என்பது. ஓடும் வண்டியின் பாகம் என்றால் வாழ்நாள் முழுக்க எரியும் எரிபொருளையும் சேருங்கள். தொழிற்சாலை வாசலோடு நிறுத்தினால் எடை குறைந்த பொருளுக்கு அநியாயம். அசையாமல் நிற்கும் தூணுக்குத் தயாரிப்பும் பராமரிப்பும்தான் பெரிது.

தரவில் சராசரியை நம்பாதீர்கள். அலுமினியத்தைப் பிரித்தெடுக்க மின்சாரம் ஏராளமாகத் தேவை, அது நீர்மின்சாரமா நிலக்கரியா என்பதைப் பொறுத்துக் கார்பன் பல மடங்கு மாறும். விற்பவரிடம் அந்தப் பொருளுக்கான இபிடி அறிக்கையை, அதாவது அதன் சுற்றுச்சூழல் தாக்கத்தைச் சொல்லும் அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

செலவில் வாங்கும் விலை, பராமரிப்பு, மாற்றும் செலவு, கடைசியில் கழிக்கும் செலவு எல்லாம் வரட்டும். வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி வீதத்தில் கவனம்: 20 வருடம் கழித்து வரும் 100, 8 சதவீதத்தில் இன்றைக்கு 21 தான், 3 சதவீதத்தில் 55. வீதத்தை உயர்த்தினாலே பின்னால் செலவு வைக்கும் பொருள் மலிவாகத் தெரியும், எனவே எந்த வீதம், ஏன் என்று எழுதி வையுங்கள்.

மறுசுழற்சிப் பலனை ஒரு முறைதான் எடுக்கலாம். பழைய உலோகத்தில் செய்தது என்று தொடக்கத்திலும், திரும்ப உருக்கலாம் என்று முடிவிலும் இரண்டு பக்கமும் கழித்தால் அது பொய்க்கணக்கு.

சரி, விடை வந்துவிட்டதா? ஆயுளை, மின்சாரத்தை, வீதத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எதை அசைத்தால் முதலிடம் மாறுகிறதோ, அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் அலைந்து திரிந்து நல்ல தரவு தேடுங்கள்.