உயர்தரத்துக்குப் பிறகு கம்பஸ்: கொழும்பில் முதல் செமஸ்டரைத் தொடங்குவது எப்படி?

வவுனியாவில் இருந்து கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு வந்த முதல் வாரம், கையில் கிடைத்த நேர அட்டவணையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். செவ்வாய் பின்னேரம் முழுக்க வெறும் கட்டங்கள். வியாழன் பத்து மணிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. உயர்தரக் காலத்தில் காலை ஆறு மணி ரியூஷனில் தொடங்கி இரவு எட்டு மணி வரை ஓடிய எனக்கு அந்த வெள்ளைக் கட்டங்கள் விடுமுறை போலத் தெரிந்தன. அவை விடுமுறை இல்லை என்பது முதல் பெறுபேறு வந்த அன்றுதான் விளங்கியது. புதிதாக வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு அது முதல் வாரமே விளங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இதை எழுதுகிறேன். கொழும்பு, மொறட்டுவை, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி என்று எந்தக் கம்பஸ் கிடைத்திருந்தாலும் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

படி 1: பதிவை முடியுங்கள், கைநூலை முழுதாக வாசியுங்கள்

வெட்டுப்புள்ளி வெளியாகி உங்களுக்குக் கற்கைநெறி கிடைத்ததும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தரும் காலத்துக்குள் இணையத்தில் பதிவை உறுதிப்படுத்த வேண்டும். அந்தத் திகதி தவறினால் இடம் போய்விடும். இதில் சாட்டுச் சொல்ல வழியே இல்லை. அதன்பிறகு பல்கலைக்கழகத்தில் இருந்து தனியாக அறிவித்தல் வரும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேற்றுத் தாள், பாடசாலை விடுகைப் பத்திரம், கடவுச்சீட்டு அளவுப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். விடுதிக்கோ உதவிப்பணத்துக்கோ விண்ணப்பிப்பதாக இருந்தால் குடும்ப வருமானம் பற்றிய கிராம அலுவலர் கடிதமும் வேண்டும். ஊரை விட்டு வெளிக்கிட முன்னரே அதை எடுங்கள். கொழும்புக்கு வந்த பிறகு ஒரு கையொப்பத்துக்காக இரவு பஸ் ஏறித் திரும்பிப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

"இப்ப பதிவோம், அடுத்த முறை நல்ல இசட் புள்ளி வந்தால் மாறுவோம்" என்று நினைத்துப் பதியாதீர்கள். ஒரு கற்கைநெறிக்குப் பதிந்தவர் இன்னொன்றுக்குத் தெரிவாவதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை அப்பா அம்மாவோடு இருந்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: தங்குமிடம், பஸ்

விடுதி தரும்போது தூரத்தையும் வருமானத்தையும் பார்க்கிறார்கள். கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கிடைக்காத தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் அறை தேடுவார்கள். யாழ்ப்பாணம், வவுனியாவுக்கு இரவு பஸ் வெள்ளவத்தையில் இருந்தே வெளிக்கிடுவதும், எங்கள் சாப்பாடு அங்கே கிடைப்பதும் பெரிய ஆறுதல். அட்வான்ஸ் கொடுக்க முன்னர் மூன்று விஷயம் கேளுங்கள்: தண்ணீர், கரண்ட் பில் வாடகைக்குள்ளா? இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள்? அறையை விடும்போது அட்வான்ஸ் முழுதாகத் திரும்புமா? பதிலை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரர் அன்ரியிடம் கையொப்பம் வாங்குவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கொழும்புக் கம்பஸ் என்றால் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் எடுத்து பம்பலப்பிட்டியில் இறங்கி, பௌத்தாலோக்க மாவத்தை வழியே தும்முல்லைப் பக்கம் கால் மணி நேர நடை. ஜயவர்தனபுரவுக்கு ஹைலெவல் வீதியில் 138 இல் விஜேராம சந்தி. மொறட்டுவைக்கு காலி வீதியிலேயே கட்டுபெத்தைச் சந்தி வரை போய் உள்ளே திரும்ப வேண்டும். விரிவுரை தொடங்க முன்னர் ஒரு நாள், காலை ஏழரைக்கு, உண்மையான நெரிசலில் ஒருமுறை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்த நேரத்தை நம்ப வேண்டாம்.

படி 3: முதல் வாரமும் பகிடிவதையும்

முதல் வாரங்களில் ஓரியன்டேஷன் நடக்கும். நூலக அட்டை, மாணவர் அடையாள அட்டை, எல்எம்எஸ் (பாடக் குறிப்புகள் போடுகிற கம்பஸ் இணையத்தளம்) கணக்கு மூன்றையும் அப்போதே எடுத்து முடியுங்கள்.

பகிடிவதை பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போன ஒரு தமிழ் மாணவன், சீனியர்கள் செய்வித்த கொடுமையான உடற்பயிற்சிகளால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அடுத்த வருடம் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது, 1998 இன் 20 ஆம் இலக்கம். பகிடிவதைக்கு 2 வருடம் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ சேர்ந்தால் 10 வருடம் வரையும் சிறை என்று அது சொல்கிறது. பெயர் கேட்பது, பாட்டுப் பாடச் சொல்வது என்றுதான் பல இடங்களில் தொடங்கும். உங்கள் உடலையோ மானத்தையோ தொடுகிற எதற்கும் "ஏலாது அண்ணா" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு விலகலாம். அன்று இரவே திகதி, நேரம், இடம், யார் யார் நின்றார்கள் என்று எழுதி வையுங்கள். பீடத்தின் மாணவர் ஆலோசகரிடம் போங்கள். அங்கே அசைவு இல்லை என்றால் மானியங்கள் ஆணைக்குழுவிடமே முறையிடலாம்.

"பகிடிவதை வாங்காவிட்டால் நோட்ஸ் தரமாட்டார்கள், ஒதுக்கிவிடுவார்கள்" என்று பயமுறுத்துவார்கள். சிலர் ஒதுக்கத்தான் செய்வார்கள். எங்கள் பட்சில் மறுத்து நின்ற நான்கு பேருக்கும் முதல் சில மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்ஸ் எல்எம்எஸ்ஸிலும் நூலகத்திலும் இருக்கிறது, நல்ல சீனியர்களும் இருக்கிறார்கள். நான்கு பேரும் பட்டம் முடித்தார்கள்.

படி 4: வெள்ளைக் கட்டங்களை நிரப்புங்கள்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கம்பஸில் பாடங்களுக்குக் கிரெடிட் உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி 1 கிரெடிட் என்றால் மாணவர் செலவிட வேண்டிய 50 மணி நேரம். அதில் விரிவுரை பொதுவாக 15 மணிதான். மிச்சம் 35 மணி நூலகத்தில், அறையில், ஒப்படையில், பரீட்சைத் தயாரிப்பில் நீங்களாகச் செய்ய வேண்டியது. அந்த 35 மணி எந்த அட்டவணையிலும் அச்சாகி வராது.

கணக்குப் போடுவோம். செமஸ்டருக்கு 15 கிரெடிட், விரிவுரை 15 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 15 மணி மண்டபத்தில். சொந்த வேலையையும் அதே வாரங்களுக்குப் பிரித்தால் இன்னும் 35 மணி. மொத்தம் 50. உயர்தரத்தில் நாங்கள் இதைவிடக் கூடவே உழைத்திருக்கிறோம். ஆனால் அந்த நேரத்தைப் பிடித்து வைத்திருந்தது ரியூஷன் ஆசிரியரும், பாடசாலை மணியும், அம்மாவும். இங்கே அந்தக் கயிறு உங்கள் கைக்கு வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். நேர அட்டவணை வந்த அன்றே ஒரு பெரிய தாளில் திங்கள் தொடக்கம் ஞாயிறு வரை கட்டம் கீறுங்கள். விரிவுரையும் பிரக்டிகலும் நீலத்தில். பிறகு ஒவ்வொரு விரிவுரைக்கும் அதே நாளோ மறுநாளோ ஒரு மணி நேரம் சிவப்பில். அந்த ஒரு மணியில் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். அன்றைய நோட்டைத் திரும்ப எழுதி, விளங்காத இடத்தில் கேள்விக்குறி போட்டால் போதும். வாரத்தில் இரண்டு பின்னேரம் பயிற்சிக் கணக்குக்கும் ஒப்படைக்கும். ஞாயிறு காலை சும்மா விடுங்கள், உடுப்புத் தோய்க்கவும் வீட்டுக்குப் போன் எடுக்கவும் வேண்டுமே. இப்படிக் கீறினால் முதல் வாரங்களில் 20, 22 மணிதான் வரும். பரவாயில்லை. பரீட்சை நெருங்கும்போது அது தானாகக் கூடும்.

எங்கே இருந்து படிப்பது என்றும் முதலே தீர்மானியுங்கள். அறையில் நான்கு பேர் என்றால் அங்கே படிப்பு ஓடாது. கம்பஸ் நூலகம் தவிர, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தைக்காரருக்கு 57 ஆம் ஒழுங்கையில் 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் நடக்கிற தூரம்.

வரவை அலட்சியம் செய்யாதீர்கள். பல பீடங்களில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கு இருத்தமாட்டார்கள். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் நின்றுவிட்டு வருவது பாடசாலைக் காலத்தோடு முடிந்தது.

படி 5: மூன்று நிரல் கொப்பி

விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் என்றால் பதின்மூன்று வருடம் தமிழில் படித்ததை ஒரே நாளில் ஆங்கிலத்தில் கேட்கப் போகிறீர்கள். என் முதல் இயந்திரவியல் விரிவுரையில் சேர் கரும்பலகையில் எழுதிய கணக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. ஆனால் அவர் வாயில் இருந்து வந்த ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பின்வரிசையில் நாங்கள் ஏழு தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து, ஒன்றாக விளங்காமல், ஒன்றாகப் பேசாமல் இருந்தோம்.

பிரக்டிகலுக்கு என்னோடு சோடி சேர்த்தது காலியில் இருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளையை. அவளுக்கு எல்லாம் விளங்குகிறது என்றே நினைத்திருந்தேன். இரண்டாம் வாரம் அவள் மெதுவாக என் கொப்பியைக் காட்டி அக்சிலரேஷன் என்றால் என்ன என்று கேட்டாள். அவளும் சிங்களத்தில் படித்து வந்தவள்தான். அன்றே ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறினோம். ஆர்முடுகல், த்வரணய, அக்சிலரேஷன். அடுத்தது உந்தம், தொகையிடல், வகையிடல். செமஸ்டர் முடிய அந்தக் கொப்பி நிறைந்துவிட்டது. எனக்குச் சிங்களமும் அப்படித்தான் வரத் தொடங்கியது.

நீங்களும் இதைச் செய்யுங்கள். கம்பஸ் தொடங்க முன்னரே தமிழ்ச் சொற்களைப் பாடவாரியாக எழுதி ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போடுங்கள். உயிரியல்காரர் பிரசாரணத்துக்கு நேரே ஒஸ்மோசிஸ், ஆவியுயிர்ப்புக்கு நேரே டிரான்ஸ்பிரேஷன் என்று தொடங்கலாம். நாளைக்குப் பத்துச் சொல், ஒரு மாதத்தில் முந்நூறு. முதலாம் வருடப் பாடங்களில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். கம்பஸ் நடத்துகிற ஆங்கில வகுப்பையும் கட் பண்ண வேண்டாம்.

கேள்வி கேட்க வாய் வராவிட்டால், ஒரே ஒரு வசனத்தை முதல்நாள் இரவு எழுதிப் பாடமாக்கி, விரிவுரை முடிந்ததும் முன்னால் போய்ச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். இலக்கணம் பிழைத்தது. சேர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, சோக்கை எடுத்து முழுக் கணக்கையும் மறுபடி செய்து காட்டினார்.

படி 6: குப்பிக்குப் போங்கள், குப்பி எடுங்கள்

ஒரு பாடம் நன்றாகத் தெரிந்த சீனியரோ பட்ச் பிள்ளையோ மற்றவர்களுக்கு இருந்து சொல்லிக் கொடுப்பதைக் கம்பஸில் குப்பி என்பார்கள். குப்பி விளக்கில் இருந்து வந்த பெயர். காசு வாங்குவதில்லை. பரீட்சைக்கு முந்தைய வாரம் மட்டும் குப்பிக்குப் போனால் விடை கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. மாதம் ஒருமுறை போங்கள். உங்களுக்குப் பிடிபட்ட ஒரு பகுதியை நீங்களே நாலு பேருக்கு எடுத்தும் பாருங்கள். எனக்கு நிகழ்தகவு உண்மையில் விளங்கியது அதை மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்த இரவில்தான்.

படி 7: காசு

மஹாபொல, 1981 இல் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடங்கிய புலமைப்பரிசில். அது கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் உண்டு. இரண்டுக்கும் உரிய விண்ணப்பங்களைக் காலத்தோடு போடுங்கள். ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் போகலாம். அதுவரைக்கும் வாடகை, சாப்பாடு, பஸ் காசுக்கு வீட்டில் கதைத்து ஒழுங்கு செய்துவிட்டு வாருங்கள். முதலாம் வருடத்திலேயே ரியூஷன் கொடுக்கத் தொடங்குகிறவர்கள் கிழமைக்கு இரண்டு வகுப்பைத் தாண்ட வேண்டாம். அந்த நேரம் படி 4 இல் உள்ள சிவப்புக் கட்டங்களில் இருந்துதான் போகும்.

படி 8: முதல் பெறுபேறு வரும் நாள்

ஊரில் மூன்று ஏ எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது, ஒருவருக்கு முதன்முறையாக நடுவில் ஓர் இடம் கிடைக்கும். அது வலிக்கும். எனக்கு இரண்டு பாடத்தில் சி மைனஸ் வந்தது. இரண்டு நாள் வீட்டு அழைப்பை எடுக்கவில்லை. அது பிழை, நீங்கள் எடுங்கள்.

பெறுபேறு 4.00 க்கு ஜீபீஏயாக, அதாவது எல்லாப் பாடங்களினதும் சராசரிப் புள்ளியாகக் கணக்காகும். பல பீடங்களில் 3.70 முதல் வகுப்பு, 3.30 இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. கிரெடிட் கூடிய பாடம் ஜீபீஏயை அதிகமாக இழுக்கும். ஆகவே எந்தப் பாடம் எத்தனை கிரெடிட் என்று முதலில் பாருங்கள். சியை விடக் குறைந்த பாடத்தை ரிப்பீட் எழுதலாம். ஆனால் ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெரும்பாலும் சிக்கு மேலே போடமாட்டார்கள். இதனால்தான் முதல்முறையே முக்கியம் என்று சொல்கிறேன். முதல் செமஸ்டர் பழகுவதற்கு என்று சீனியர் அண்ணா அக்கா சொன்னால் நம்ப வேண்டாம், அந்தப் புள்ளிகளும் பட்டத்தில் சேரலாம்.

குறைந்த பாடம் இருந்தால் அந்த வாரமே விரிவுரையாளரிடம் நேரம் கேட்டுப் போய், எந்தப் பகுதியில் புள்ளி போனது என்று கேளுங்கள். திட்ட வரவில்லை, திருத்த வந்த பிள்ளை என்று தெரிந்தால் அவர்கள் இருக்கச் சொல்லிக் கதைப்பார்கள். போகும்போது மூன்று நிரல் கொப்பியையும், கேள்விக்குறி போட்ட நோட்டையும் கொண்டு போங்கள். ரிப்பீட் விண்ணப்பத் திகதி பீட அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்கள். திரும்பி வரும் வழியில் அதையும் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.