வலிக்கும்வரை காத்திருந்தால் வேர் சிகிச்சைதான்

பல் வலித்தால்தான் டாக்டரிடம் போவது நம்மில் பலரின் வழக்கம். சிக்கல் என்னவென்றால், பல்லின் மேலடுக்கான எனாமலில் நரம்பே கிடையாது. சொத்தை அதைத் தாண்டி உள்ளே நரம்பு இருக்கும் பல்கூழை நெருங்கும்போதுதான் பெரும்பாலும் வலி தெரியும். அதற்குள், ஒரே நாளில் அடைத்து முடித்திருக்க வேண்டியது வேர் சிகிச்சை (ரூட் கேனால்), மேலே ஒரு கேப் என்று இழுத்துவிடும்.

கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது காரை. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. உமிழ்நீரிலுள்ள கால்சியம் படிந்து பல்லழுக்கு சில நாளிலேயே கெட்டியாகிவிடும். பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது, டாக்டர் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் வழி. "க்ளீன் பண்ணினா பல் ஆடும்" என்பார்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரை சிமென்ட் மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான்.

செக்கப்பில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவேயுள்ள இடுக்கின் ஆழத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. வரை சரி, 4, 5 என்றால் ஈறுநோய் தொடங்கியிருக்கலாம். இரண்டு பல்லுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தை கண்ணுக்குச் சிக்காது, எக்ஸ்ரே வேண்டும்.

பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். சர்க்கரை நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களை 3, 4 மாதத்திலேயே வரச் சொல்வதுண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல், மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். புகையிலை, பாக்கு போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டோ, 2 வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் 6 மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே காட்டிவிட வேண்டும்.