அல்புமின் ‘நில்’ என்று வந்தாலும் ஏசிஆர் பாருங்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். சாதாரண யூரின் டெஸ்டில் வருஷா வருஷம் ‘அல்புமின்: நில்’, அதாவது அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இல்லை என்றே வந்தது. கிட்னி நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த டெஸ்டில் நனைத்துப் பார்க்கும் பட்டை, புரதம் நிறையக் கசிந்த பிறகுதான் நிறம் மாறும். ஆரம்பக் கசிவு அதற்குத் தெரியாது. அதைக் காட்டுவது ஏசிஆர்: சிறுநீரில் உள்ள அல்புமினை, அதிலேயே உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுத்துச் சொல்லும் டெஸ்ட்.

1. லேபில் ‘யூரின் அல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ’ என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். ‘மைக்ரோஅல்புமின்’ என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் அல்புமின் அளவை மட்டும் தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் அது குறைத்துக் காட்டும். கிரியேட்டினினால் வகுத்தால்தான் அந்தக் குழப்பம் தீரும். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்க்கும் சிரமமும் இதில் இல்லை.

2. சாம்பிள். நாங்கள் இடறியது இங்கேதான். முதல் தடவை 68 வந்தது; 30க்குக் கீழே இருக்க வேண்டியது. அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலையில் மெதுவாகக் கேட்டபோதுதான் அம்மா சொன்னார்: “ரெண்டு நாளா நீர்க்கடுப்பு இருந்துச்சுப்பா.” அதோடு ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வந்துதான் சாம்பிள் கொடுத்திருக்கிறார். இரண்டுமே அளவை ஏற்றும். காய்ச்சல், மாதவிடாய் நாட்களிலும் கொடுக்க வேண்டாம். முந்தின நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில், தொடக்கத்தை விட்டு நடுப்பகுதியைப் பிடியுங்கள்.

கடுப்பு முழுக்கச் சரியான பிறகு 41. மூன்று மாதம் கழித்து 38. ஆக, கசிவு இருந்தது உண்மைதான். டாக்டர் பிரஷர் மாத்திரையை டெல்மிசார்டானுக்கு மாற்றினார். கசிவையும் குறைக்கும் வகை அது.

3. எண். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இயல்பு. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. அதற்கு மேல் அதிகம். 3 முதல் 6 மாதத்துக்குள் எடுத்த மூன்றில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் முடிவுக்கு வருவார்கள்.

4. இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) கணக்கிடுவதையும் சேர்த்துச் செய்யுங்கள். கசிவே இல்லாமல் கிட்னியின் வேலைத்திறன் குறைகிறவர்களும் உண்டு.

டைப் 2 என்றால் சர்க்கரை தெரிந்த நாளிலேயே, டைப் 1 என்றால் ஐந்து வருஷம் கழித்து ஆரம்பித்து, அப்புறம் வருஷம் ஒரு முறை.

பின்சேர்க்கை: லண்டனிலிருந்து ஒருவர், தனக்கு 4.5 தான், 30க்கு எவ்வளவோ கீழே என்று மகிழ்ந்து எழுதியிருந்தார். அலகைப் பார்க்கச் சொன்னேன். மில்லிமோலுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு அது. அதில் எல்லையே 3 தான். உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.