பழைய பென்ஸும் கோத்தகிரி இல்லமும்

2012 மாடல் பென்ஸ். மூன்று வருடமாகக் குன்னூர் ஷெட்டில் நின்றது. மழை ஓய்ந்து கதவைத் திறந்தால் தோல் சீட்டு முழுக்க வெள்ளைப் பூஞ்சை, ஸ்டியரிங்கில்கூட. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று போனேன். அங்கிருந்த அக்கா சிரித்தார். "சார், இதுக்கு ஒரு சர்வீஸ் பில் வந்தா எங்க ரெண்டு மாச அரிசி போயிடும். ஜீப் இருந்தா சொல்லுங்க." நியாயம்தான். அடி தட்டும் காரை அந்த எஸ்டேட் ரோட்டில் வைத்து என்ன செய்வார்?

ஆடிட்டர் இன்னொன்றும் சொன்னார்: பொருளாகக் கொடுத்தால் 80ஜி சலுகை, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, கிடையாது, பணம்தான், அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கூடாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம்.

சரி என்று வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துச் சீட்டைத் துடைத்து, நாலு கதவையும் திறந்து காற்றாட விட்டு, பேட்டரி மாற்றி, கோவை வியாபாரி ஒருவரிடம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதோடு விடவில்லை. ஆர்சியில் பெயர் மாறும்வரை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறாமல் விபத்து நடந்தால் இழப்பீடு நம் தலையில் விழலாம்.

பணம் இல்லத்தின் வங்கிக் கணக்குக்குப் போனது. அக்கா முதலில் வாங்கியது இரண்டு கீசர்.