ஸ்டார்ட்டர் சத்தம் போட்டால் உடனே கழற்றாதீர்கள்

போன மாதம் சுங்கை சிப்புட்டில் ஒரு காலை. எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற தம்பி பட்டறை வாசலில் நின்றான். "அண்ணே, காடி ஸ்டார்ட் ஆவல, ஸ்டார்ட்டர மாத்திடுங்க." பழைய புரோட்டான் சாகா கார். சாவியைத் திருப்பச் சொன்னேன். டகடகடகவென்று விடாத சத்தம், விளக்கும் மங்கியது. அது ஸ்டார்ட்டர், அதாவது என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார், போன சத்தமே இல்லை, கரண்ட் பற்றாத சத்தம். பானெட்டைத் தூக்கினால் பேட்டரி முனையில் பச்சையாக உப்பு பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். முதல் தடவையே பிடித்துக்கொண்டது.

காது கொடுத்துக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். விழாமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்டை விடும் காந்த சுவிட்ச்), கார்பன் (மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கட்டை), கேபிள் பக்கம் போகலாம். செம்மண் சேறு தெறிக்கும் தோட்டச் சாலையில் ஓடும் வண்டி என்றால் எர்த் கேபிள் (பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு இணைக்கும் கம்பி) போல்ட்டையும் பாருங்கள், அடியில் துருப்பிடித்துக் கிடக்கும். மோட்டார் மட்டும் 'ஙொய்ங்' என்று சுற்றி என்ஜின் அசையவில்லையா? பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்கு உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது.

சரி, கரகரவென்று பல் அரைபடும் சத்தத்துக்கு வருவோம். காசு அதிகம் வீணாவது இங்கேதான். பழைய உதிரிபாகம் விற்கும் பொத்தோங் கடையில் ஒரு ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டுவார்கள். ஒரு வாரத்தில் அதே சத்தம் திரும்ப வரும். முதலில் ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ரிங் கியர், அதாவது ஸ்டார்ட்டர் பல் கடித்துச் சுற்றும் என்ஜின் பக்கத்துப் பல்வளையம், மேல் சந்தேகம் வரவேண்டும். நாலு சிலிண்டர் என்ஜின் அணையும்போது பெரும்பாலும் ஏறக்குறைய அதே இரண்டு இடங்களில்தான் நிற்கும். அதனால் அந்த இடத்துப் பற்கள் மட்டும் தேயும். ஒரு நாள் சத்தம் வந்து மறுநாள் வராததற்குக் காரணம் இதுதான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கிராங்க் புல்லி (என்ஜின் முன்பக்கம் பெல்ட் ஓடும் கீழ்ச் சக்கரம்) போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, என்ஜின் சுற்றும் திசையிலேயே கால் சுற்று திருப்புங்கள். ஸ்பேனரை எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் காணாமல் போனால் கோளாறு ரிங் கியரில். கியர்பாக்ஸை இறக்கித்தான் அதை மாற்ற வேண்டும், ஆகவே புது ஸ்டார்ட்டர் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. ஒரு நாள் ஓடும். ஆனால் பல ஸ்டார்ட்டர்களின் உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிறது, ஓங்கி அடித்தால் அது விரிசல் விடும்.

கழற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் நெகட்டிவ்தான் முதலில். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. அதில் வைத்த ஸ்பேனர் வண்டி பாடியில் பட்டால் அங்கேயே ஒட்டிக்கொண்டு பொறி பறக்கும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். அப்புறம், பழைய ஸ்டார்ட்டர் எண்ணெயில் நனைந்து வெளியே வந்தால், கசிவை அடைத்துவிட்டுத்தான் புதியதை மாட்டுங்கள்.